ஃபியூஸைத் தின்னும் பேய்

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எங்கள் தெருவில் எள் விழ இடமிருக்காது. டிரான்ஸ்பார்மரில் குடியிருக்கும் பேயைப் பார்க்க அப்படி ஒரு கூட்டம்!

பேயைக் கண்டுபிடித்தவர் மின்னல்சாமி. கழுத்தில் செம்புக்கம்பி மாலை, கையில் ரப்பர் உறை. பேய்க்குப் பயப்படாதவர், கரன்டுக்குப் பயப்படுவார் போலிருக்கிறது.

அவர் சொன்னபடி அறுபது வீட்டிலும் ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி, மின்னடுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் போடுவார்கள். அனல் தாங்காமல் பேய் வெளியே வருமாம். ஐந்தே நிமிடத்தில் ஃபியூஸ் போகும்.

"வந்துட்டான்! எல்லாத்தையும் அணைங்க!"

லைன்மேன் ஏறி ஃபியூஸ் மாற்றுவார். விளக்கு எரியும்.

"ஓடிட்டான்!"

எவ்வளவு மரியாதையான பேய்! லைன்மேன் இறங்கும்வரை காத்திருந்து ஓடுகிறது. மறுபடி வராமலிருக்க, மீட்டருக்கு மீட்டர் சாமியின் மந்திரத் தகடு. ஆனாலும் அடுத்த வெள்ளி வந்துவிடும்.

கடைசி வீட்டுத் தையல்காரருக்கு நுரையீரல் போய்விட்டது, மூச்சே மெஷினில்தான். ஒரு வெள்ளி கரன்டு போனபோது கைவசமிருந்த ஆக்சிஜன் சிலிண்டரும் தீர்ந்து, மனிதருக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. மகள் மின் அலுவலகத்துக்கு ஓடினாள். மறுநாளே ஒரு இன்ஜினியரம்மா நோட்டும் கையுமாக வந்து வீடு வீடாகக் கேட்டார்:

"எத்தனை மணிக்கு ஹீட்டர் போடுவீங்க?"

"நாங்க குளிக்கிற நேரமெல்லாம் உனக்கு எதுக்கும்மா?" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அவர் நோட்டில் குறித்துக்கொண்டார்.

லைன்மேனிடம் கேட்டார்: "நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"சொன்னேன் மேடம். சாமியைவிட உனக்குத் தெரியுமான்னு கேட்டாங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை இன்ஜினியரம்மா கூட்டத்தின் நடுவில் நின்றார். "சாதாரண நாள்ல ஒருத்தர் ஆறுக்குப் போடுவீங்க, ஒருத்தர் ஏழுக்கு. டிரான்ஸ்பார்மர் தாங்கும். அறுபதும் ஒண்ணா போட்டா தாங்காது. இன்னைக்கு ஒற்றைப்படை வீடுங்க மட்டும் போடுங்க."

"பேய் கோபப்படும்!" என்றார் சாமி.

"படட்டுமே," என்றாள் தையல்காரர் மகள். "எங்கப்பாவுக்கு மூச்சு நிக்குது. அதைவிடவா?"

பாதி வீடுகள் மட்டும் போட்டன. "வாடா!" என்றார் சாமி. பத்து நிமிடம் கத்தினார். தொண்டை கட்டியது, விளக்கு கண்கூடச் சிமிட்டவில்லை.

"பார்த்தீங்களா? என் தகட்டுக்குப் பயந்துட்டான்!"

கூட்டம் கை தட்டியது. தட்டத்தானே கை இருக்கிறது!

"சரி, தகடு அப்படியே இருக்கட்டும்," என்ற இன்ஜினியரம்மா, தையல்காரர் பக்கத்தில் நிறைந்த சிலிண்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். "இப்ப மீதி வீடும் போடுங்க. ஐயா, உங்க தகடு காப்பாத்தட்டும்."

நாலாவது நிமிடம் ஃபியூஸ் 'டப்'பென்று போனது. தையல்காரர் மகள் ஒரு தகட்டைப் பிய்த்துத் திருப்பினாள். பின்பக்கம் பிஸ்கட் டப்பாவின் படம்.

"சாமி எங்கே?" என்று திரும்பினார்கள். ரப்பர் உறை மட்டும் தரையில் கிடந்தது.

இனியாவது புத்தி வரும் என்று நினைத்தேன். ஒரு பெரியவர் இன்ஜினியரம்மாவை நெருங்கிக் கைகூப்பினார்:

"தாயே, உங்க கைப்பட ஒரு பேப்பர் எழுதிக் குடுங்க. மீட்டர்ல ஒட்டிக்கிறோம்."

"ஒட்டுறதுக்குக் குடுக்க மாட்டேன்," என்றார் அவர். "உட்கார்ந்து யோசிக்கிறதா இருந்தா, நோட்டையே தரேன்."