நூறு கழுத்து ஸ்டாண்டும் ஒரு ராஜினாமாவும்

டைல்ஸ்காரர் ஒரு திங்கட்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே தொழிலதிபர் ஆகிவிடுவது என்று முடிவு கட்டினார். டைல்ஸ்காரர் என்று தெருவே கூப்பிட்டாலும் கடை அவருடையது இல்லை. பதினாறு வருஷமாக அங்கே கவுன்டரில் நின்று, "தட்டிப் பாருங்க சார், சத்தத்தைக் கேளுங்க" என்று சொல்லிச் சொல்லியே காலில் நரம்பு முடிச்சு விழுந்த மனிதர், அவ்வளவுதான்.

"இனிமே ஒருத்தர்கிட்ட கைகட்டி நிக்க மாட்டேன். நான் தொழிலதிபர் ஆகப்போறேன்!" என்றார் வாய் நிறைய நுரையோடு.

மனைவி தையல் மிஷினை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "முதல்ல வாயைக் கொப்பளிச்சிடுங்க."

போனில் கோட்டுப் போட்ட ஒருவர் ஆன்லைன் வியாபாரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். சரக்கை வாங்கு, படம் எடு, விளம்பரம் போடு, ஆர்டர் குவியும். இவ்வளவுதான் பாடம். டைல்ஸ்காரர் கடையில் ஒரு மாசம் லீவு சொன்னார். நூறு கழுத்து ஸ்டாண்ட் வாங்கினார். அது ஒரு வளைகிற கம்பி. கழுத்தில் மாட்டிக்கொண்டால் போனை மூஞ்சிக்கு நேரே பிடித்துக்கொள்ளும். நூறு டப்பாவும் மனைவியின் துணி வெட்டும் மேஜையில் ஏறி உட்கார்ந்தன. வீடுகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள் அவள். பாவம், தரையில் மண்டி போட்டுத் துணி வெட்ட ஆரம்பித்தாள்.

"முட்டி தேயுதுங்க."

"ஒரு மாசம் பொறுத்துக்கோ. உனக்குத் தனி ரூமே கட்டித் தரேன்."

"ஒரு மாசத்துல நூறும் போகலைன்னா?"

"மேஜை உனக்கு. நான் பழையபடி கவுன்டருக்கு."

"போயிட்டா?"

"ராஜினாமா!" என்று சட்டைப் பையைத் தட்டினார். கடிதம் முன்கூட்டியே எழுதித் தயாராக இருந்தது. அதில் 'அடிமைத்தளை' என்ற வார்த்தை மூன்று இடத்தில் வந்தது.

படம் எடுக்கும்போதுதான் வினை. பதினாறு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? வீட்டில் கிடந்த கடைச் சாம்பிள் டைல்ஸில் சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்தார். துடைத்தார். வெளிச்சம் விழும்படி ஜன்னலோரம் சாய்த்தார். அப்புறம்தான் ஞாபகம் வந்து ஸ்டாண்டை அதன் மூலையில் வைத்தார். படத்தில் டைல்ஸ் பளபளவென்று மின்னியது. ஸ்டாண்ட் யாரோ மறந்துவிட்டுப் போன ஒயர் மாதிரி கிடந்தது. டைல்ஸ்காரருக்குப் படம் ரொம்பப் பிடித்துப்போனது. அதையே மனைவியின் நம்பரோடு விளம்பரமாகப் போட்டுவிட்டார்.

"தலைவரே போன் எடுத்தா மரியாதையா இருக்காது. நீதான் கஸ்டமர் கேர்" என்று மனைவிக்கும் ஒரு பதவி கொடுத்தார்.

அன்றே போன் அடித்தது. அவர் பாய்ந்து வந்தார்.

"என்ன கேட்டாங்க?"

"பின்னாடி இருக்கிற டைல்ஸ் என்ன விலைன்னு."

"ராங் நம்பர்!"

அடுத்த போன்.

"இப்ப?"

"அது பாத்ரூமுக்குப் போடலாமான்னு."

"தாராளமாப் போடலாம், வழுக்காது..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதெல்லாம் நீ சொல்லாதே! டைல்ஸ் கேக்கிறவன் நம்ம ஆளே இல்லே. கோட்டுக்காரர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு."

"அப்ப அவங்களை நான் என்ன பண்ணட்டும்?"

"என்னமோ பண்ணு!"

"சரிங்க" என்றாள். அளவு எழுதும் நோட்டைத் தேடி எடுத்தாள்.

இருபத்தேழு நாள் ஓடியது. ஒரு ஸ்டாண்ட்கூட நகரவில்லை. போன் மட்டும் ஓயாமல் அடித்தது. அந்தக் கவுன்டரை நினைத்தாலே டைல்ஸ்காரருக்குக் கால் வலித்தது. முதலாளி முகத்தில் எப்படி முழிப்பது என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

இருபத்தெட்டாம் நாள் முடி வெட்டிக்கொண்டு வந்து பார்க்கிறார், மேஜை காலி.

"எங்கே எல்லாம்?"

"போச்சுங்க. நூறும் போச்சு. ஒருத்தரே மொத்தமா எடுத்துக்கிட்டாரு, வண்டி அனுப்பி."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா! இதுக்குப் பேருதான் மார்க்கெட்டிங்!"

"யாருன்னு சொல்லட்டுமா?"

"எதுக்கு? பெரிய தொழிலதிபனுங்க இதையெல்லாம் கேட்டுக்க மாட்டாங்க. நாளைக்கே ராஜினாமா. தடுக்காதே!"

"நான் ஏங்க தடுக்கப் போறேன்?" மேஜையில் துணியை விரித்தபடியே சொன்னாள். "போகும்போது நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டுப் போங்க."

மறுநாள் கண்ணாடி முன் நின்று ராஜினாமா வசனத்தை ஏழு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். கடை வாசலில் எதிரே வந்த ஆளைப் பார்த்து நின்றுவிட்டார். அந்த ஆளின் கழுத்தில் ஸ்டாண்ட்.

"இது... எங்க வாங்கினீங்க?"

"வாங்கலைங்க. பத்துப் பெட்டி டைல்ஸ் எடுத்தா இது இலவசமாம்."

உள்ளே முதலாளி எழுந்து நின்று வரவேற்றார். பதினாறு வருஷத்தில் அவர் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"வாங்க, வாங்க! ரெண்டு வருஷமாத் தூங்கின சாம்பல் டைல்ஸ் அத்தனையும் காலி! உங்க வீட்டுக்காரம்மா தினமும் கேட்டவங்க பேரு, நம்பர், எத்தனை ரூம், என்ன அளவு, எல்லாம் எழுதி அனுப்பிடறாங்க. கமிஷன் பேசினாங்க பாருங்க, நான் வாயே திறக்க முடியலை. கடைசியில அந்த ஸ்டாண்டையும் என் தலையில கட்டிட்டாங்க. தொழில் பண்ணினா அப்படிப் பண்ணணும்!"

டைல்ஸ்காரர் ராஜினாமாக் கவரை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"ஆமா, கையில என்ன கவரு?"

"ஒண்ணுமில்லே சார்." கவரை மடித்துப் பைக்குள் திணித்தார். "சும்மா... இந்தப் பக்கம் வந்தேன். அப்படியே பாத்துட்டுப் போயிடலாம்னு..."

"போறதா? என்னங்க நீங்க, உங்க வீட்டுக்காரம்மா கொடுத்தனுப்பின சாப்பாட்டுக் கேரியர் வந்து அரை மணி நேரமாச்சே!"