வாயில்லா ஜீவன்களின் தலைவர்

இனி ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பதில்லை என்று தாமோதரன் சபதமே எடுத்துவிட்டார். திருப்போரூரில் அவர் வீட்டில் ஞாயிறு விடிந்தால் போதும், மனைவி ரேணுகா ஒட்டடைக்கோலைக் கையில் கொடுத்துவிடுவாள். ஆபீசிலாவது வேலை செய்வதுபோல் நடிக்கலாம். ரேணுகாவிடம் அந்தப் பருப்பு வேகாது.

"ரேணு, திருவிடந்தையில ஒரு சங்கத்துல சேந்துகினேன். வாயில்லா ஜீவன் நலச் சங்கம். வாரா வாரம் ஞாயித்துக்கெழம கூட்டம்."

தன் தட்டுச் சோற்றைத் தெருநாய்க்கு வைக்கிறவள் இதற்கு மாட்டேன் என்பாளா? தலையாட்டி அனுப்பிவைத்தாள்.

சங்கமாவது மண்ணாவது! திருவிடந்தையில் சிநேகிதன் பார்த்திபனின் மொட்டைமாடியில் சீட்டுக்கட்டும் வஞ்சிர வறுவலும் காத்திருந்தன.

சாயங்காலம் ரேணுகா கேட்டாள். "இன்னிக்கு இன்னா பண்ணீங்க?"

"ஒரு குதிர. மகாபலிபுரம் பீச்சுல ஜனங்கள ஏத்தி ஏத்தி ஒரு காலு நொண்டி. கட்டு போட்டேன்."

"நீங்களா?"

"பின்ன?"

ரேணுகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்பார்கள். தாமோதரனுக்கு நொண்டிக் குதிரையே சாக்கு.

அடுத்த வாரம் சங்கத்தாருக்கென்று ஒரு தூக்கு நிறைய எலுமிச்சம் சாதம் கொடுத்தனுப்பினாள். சங்கத்தார் இரண்டு பேரும் அதைத் தின்றுவிட்டுக் குறட்டை விட்டார்கள்.

அதற்கடுத்த ஞாயிறு போனால், பார்த்திபன் வீட்டுத் தெருவில் ஷாமியானா! 'தலைவர் தாமோதரன் அவர்களே, வருக!' என்று பேனர். அதில் அவருடைய கல்யாணப் போட்டோவில் பாதி. யாரோ மாலை போட்டார்கள். யாரோ செல்ஃபி எடுத்தார்கள். கம்பத்தோரம் ஒரு வெள்ளைக் குதிரை, முன்னங்காலில் கட்டோடு நின்றது. அவர் அதைப் பார்த்தார். அது அவரைப் பார்த்து, ரொம்ப நாள் பழகியதுபோல் தலையை ஆட்டியது.

பார்த்திபன் சட்டையில் 'பொருளாளர்' பேட்ஜோடு உட்கார்ந்து முழித்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், இந்தச் சங்கம் நாம வுட்ட ரீலுதானடா?"

"நானும் அப்டித்தான் நெனச்சிகினு இருந்தேன்."

"அப்ப இந்தக் குதிர?"

"நீதான் கட்டு போட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க. போட்டியா?"

"தெரியலியேடா!"

ரெபேக்காள் என்ற டீச்சர் மைக்கைப் பிடித்தார். "யாரோ கை வுட்ட குதிர இது. நாங்க ஆளுக்கொரு பக்கமா தீனி வச்சிகினு இருந்தோம். தலைவர் பேரச் சொன்னதும்தான் ஒண்ணா சேந்தோம்!"

கைதட்டல் தெருவைத் தூக்கியது. தாமோதரன் எழுந்து கும்பிட்டார். எதற்கென்று அவருக்கே புரியவில்லை. ஒருவேளை நிஜமாகவே கட்டுப் போட்டுவிட்டு மறந்துபோனோமோ என்று தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அப்போது ஷாமியானாவுக்குப் பின்னாலிருந்து பக்கெட்டும் முறமுமாக ரேணுகா வந்தாள்.

"நீ எப்டி இங்க?"

"மொத வாரமே உங்க கையில பார்த்திபன் வூட்டு வஞ்சிர வாசன. குதிர இப்டியா மணக்கும்னு சந்தேகம். ஆனா அந்த நொண்டிக் காலு மனச வுட்டுப் போவல. செவ்வாக்கெழம பஸ் ஏறி வந்து தேடுனேன். நீங்க புளுகுன மாதிரியே ஒண்ணு, நெஜமாவே பீச்சுல நின்னுகினு கீது! நானே கட்டு போட்டு, உங்க பேரச் சொல்லிட்டேன்." முறத்தை நீட்டினாள். "மொதல்ல லத்தி. அப்புறம் குளியல்."

தாமோதரன் இரண்டடி பின்வாங்கினார். "லத்தியா? நம்ம வூட்டு விவகாரத்துக்குப் போலீஸ் எதுக்கு ரேணு?"

"குதிர போட்ட லத்திங்க. அள்ளுங்க. தலைவர் அள்ளுனாத்தான் மத்தவங்களுக்கும் கை வரும்."

கூட்டம் மொத்தமும் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தது. தாமோதரன் குரலைத் தாழ்த்தினார்.

"நான் இப்பவே ராஜினாமா பண்றேன்."

"பண்ணுங்க. ஆனா செயலாளர் ஏத்துகினாத்தான் செல்லும்."

"யாரு செயலாளரு?"

"வூட்ல யாரோ, அவங்கதான்."