விசில் பாதரும் சவ வண்டியும்

ஜொகூர் மாநிலத்துக் கடிகாரங்கள் எல்லாம் எங்கள் விசில் பாதருக்குப் பயந்துதான் ஓடின. பங்குக் குரு, மிஷன் பள்ளியின் முதல்வர் என்று அவருக்கு இரண்டு வேலை. கழுத்தில் சிலுவை, பக்கத்திலேயே விசில். காலையில் பள்ளி வாசலில் நின்று, தாமதமாக வருகிறவர்களைப் பார்த்து ஊதுவார். மாணவர், ஆசிரியர் என்ற பேதமெல்லாம் கிடையாது. கணித ஆசிரியையான எனக்கு இடது காது கொஞ்சம் மந்தமானதே அதனால்தான். ஒருமுறை ஆயரே பூசைக்குத் தாமதமாக வந்தார். பாதர் விசிலை ஊதிவிட்டுத்தான் மரியாதைக்கு அவர் மோதிரத்தை முத்தமிட்டார்.

இப்படிப்பட்டவர் முன்னால், பள்ளியிறுதி எஸ்.பி.எம். கணிதப் பரீட்சை அன்று காலை, கைப்பேசியும் கையுமாகப் போய் நின்றேன். கெலாங் பாத்தாவுக்கு அந்தப் பக்கம், செம்பனைத் தோட்டத்து வீட்டிலிருந்து என் மாணவி நளினி அழுதுகொண்டிருந்தாள்.

"பஸ் ரோசாக் ஆயி நின்னுடுச்சாம் டீச்சர், வராதாம். அப்பா விடியறதுக்குள்ளயே சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிட்டாரு. நான் எப்படி வருவேன்?"

கணிதத்தில் கோட்டைவிட்டால் படிப்பு அதோடு சரி, தொழிற்சாலைக்குத்தான் போகவேண்டும் என்று அவள் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பரீட்சை மண்டபக் கதவைச் சாத்திவிட்டாலோ, மந்திரியே வந்தாலும் திறக்கமாட்டார்கள். பாதரின் கார் வேறு பட்டறையில் கிடந்தது. கோயில் பின்புறம் ஓடுகிற நிலையில் இருந்தது பங்கின் சவ வண்டி மட்டும்தான்.

"ஏறுங்க டீச்சர்!"

"பாதர், இதுலயா?"

"ஏன், இதுல போனவங்க யாராச்சும் இதுவரைக்கும் குறை சொல்லியிருக்காங்களா?"

போய்ச் சேர்ந்தோம். நளினி ஒரு கணம் வண்டியைப் பார்த்து விழித்தாள். பெட்டி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், சொந்தக்காரர்கள் உட்காரும் பலகையில் அவளை ஏற்றி உட்காரவைத்தேன். திரும்பும்போது சிங்கப்பூர்ப் பாலத்துக்குப் போகும் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. பாதர் கூரை விளக்கைப் போட்டார். சாவு என்றால் ஊரே ஒதுங்கும். லாரிகளும் ஒதுங்கின.

"நளினி, இருபடிச் சமன்பாட்டுக்குச் சூத்திரம் என்ன, சொல்லு!"

அவள் அழுதுகொண்டே தப்பாகச் சொன்னாள். பாதர் வண்டிக்குள்ளேயே விசில் ஊதினார். திருத்திச் சொன்னாள். நான் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு மாதாவை வேண்ட ஆரம்பித்தேன்.

இதற்குள் வெளியே வேறு கூத்து. பாதரே சவ வண்டி ஓட்டிப் போகிறார் என்றால் போனது பெரிய புள்ளி என்று பங்கு மக்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு சந்திலிருந்தும் ஒரு கார், இரண்டு மோட்டார் சைக்கிள் என்று விளக்கைச் சிமிட்டிக்கொண்டு எங்கள் பின்னால் சேர்ந்தன. பள்ளிக்குள் நுழைந்தபோது பின்னால் முழு ஊர்வலமே வந்தது. கோயிலில் பாட்டுப் பாடும் மேரி அக்கா ஜெபமாலையைத் தொடங்கியே விட்டார்.

மண்டபத்து அதிகாரி கதவில் கை வைத்திருந்தார். பாதர் மூச்சைப் பிடித்து ஊதினார் பாருங்கள், அந்த ஆள் வெலவெலத்து நின்றுவிட்டார். வண்டியின் பின்கதவு திறந்தது. பள்ளிச் சீருடையோடு நளினி குதித்து ஓடினாள்.

"அலமாக்! எழுந்திருச்சு ஓடுது!" என்று அலறிய மேரி அக்கா பக்கத்திலிருந்தவர் மேல் சாய்ந்தார். நளினி உள்ளே நுழைந்ததும் கதவு மூடிக்கொண்டது.

"யாரு பாதர் போயிட்டாங்க?" என்று கூட்டத்தில் ஒருவர் தயங்கிக் கேட்டார்.

"யாரும் போகல லா. வந்தது வந்துட்டீங்க, பரீட்சை முடியிற வரைக்கும் உட்கார்ந்து அந்தப் புள்ளைக்காக ஜெபம் பண்ணிட்டுப் போங்க."

உட்கார்ந்து ஜெபித்தார்கள். நளினி நன்றாகவே தேறினாள்.

போன மாதம் பாதர் இறந்துபோனார். அதே வண்டி, அதே சாலை, அதே லாரிகள். இப்போது சிங்கப்பூரில் பொறியாளராக இருக்கும் நளினி அதே பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெட்டிக்குள் பாதரின் கழுத்தில் விசில் இருந்தது. ஒரே ஒரு தடவை ஊதமாட்டாரா என்று எனக்கு ஏக்கமாக இருந்தது.

நெரிசலைப் பார்த்த டிரைவர் கூரை விளக்கைப் போடப் போனார். நளினி கையை நீட்டித் தடுத்தாள்.

"வேணாம் அங்கிள், மெதுவாவே போங்க. இன்னைக்கு ஒரு நாளாச்சும் பாதர் லேட்டா போகட்டும்."