ஒப்பாரியின் மூன்றாம் பாகம்

சாவு வீட்டில் இலக்கியத்துக்காக அடி வாங்கிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எனக்குப் பக்கத்து அறையில் குடியிருந்தார்.

கொரட்டூர் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு லைன் வீடு அது. அறுபதுகளின் கடைசி. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் ஊராகச் சுற்றிய நான், அப்போது நசரத்பேட்டையில் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். லோடு வந்தால் சோறு, வராவிட்டால் டீ. இதில் சொல்ல ஒன்றுமில்லை, அந்த லைனில் முக்கால்வாசிப் பேர் கதை அதுதான்.

அவர் மட்டும் வேறு ஜாதி. அம்பத்தூரில் ஒரு சைக்கிள் கடைக்கு மாடியில் நடந்த டுட்டோரியலில் இங்கிலீஷ் இலக்கியம் எடுத்தார். பி.ஏ.வில் கோட்டை விட்ட பையன்களுக்கு சிமிலி என்றால் என்ன, மெட்டஃபர் என்றால் என்ன, ஹைபர்போலி என்றால் என்ன என்று சொல்லித் தருவது வேலை. வேலை ஐந்து மணிக்கு முடிந்துவிடும். ஆனால் அவருக்குப் பாடம் முடியாது.

குழாயடியில் ஒரு நாள் இரண்டு பெண்கள் குடத்துக்காகப் பிடித்துக்கொண்டார்கள்.

"உன் வாயி கூவம் மாதிரி கீதுடீ!" என்றாள் ஒருத்தி.

இவர் தூக்குவாளியோடு வரிசையில் நின்றிருந்தார். "அம்மா, மாதிரின்னு சொன்னா அது சிமிலி. வீரியம் கம்மி. உன் வாயே கூவம்னு சொல்லிப் பாருங்க. அது மெட்டஃபர். சுருக்குனு ஏறும்."

அடுத்தவள் சும்மா விடுவாளா? அந்த மெட்டஃபரை அப்படியே எடுத்து முதலாமவள் மேலே திருப்பி வீசினாள். அப்புறம் இருவரும் ஒன்றுசேர்ந்து, "உன்னை யாரு கேட்டா நைனா?" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு இவரைத் துரத்தினார்கள். ஓடும்போதுகூட, "இதுக்குப் பேர் ஐரனி, முரண்நகை!" என்று கத்திக்கொண்டேதான் ஓடினார்.

இதெல்லாம் தமாஷ். அவருக்கு 'மூணாம்பாகம்' என்று பெயர் வாங்கிக் கொடுத்தது வேறு விஷயம்.

எலிஜி என்று ஒன்று உண்டாம். இரங்கற்பா. புத்தகத்தின்படி அதற்கு மூன்று பாகம். முதலில் அழுகை. அப்புறம் செத்தவரின் பெருமை. மூன்றாவது ஆறுதல். இருப்பவர்கள் மனசைத் தேற்றிக்கொண்டு எழுந்திருக்க வழி சொல்லும் பாகம். நம்முடைய ஒப்பாரியில் முதல் இரண்டும் ஜோராக இருக்கிறது, மூன்றாவது மட்டும் இல்லவே இல்லை என்பது இவருடைய குறை. எங்காவது ஒரு ஊரில், ஏதாவது ஒரு கிழவி வாயில் அது இருக்கும் என்று நம்பினார். அதனால் ஆவடி, பூந்தமல்லி என்று எந்தப் பக்கம் பறைச் சத்தம் கேட்டாலும் சொந்தக்காரனுக்கு முன்னால் போய் நிற்பார்.

அந்தப் பக்கத்தில் ஒப்பாரிக்குப் பேர்போனவள் கீரை விற்கும் கன்னியம்மா. எந்தச் சாவுக்கும் அவள் வந்தால்தான் அழுகை சூடு பிடிக்கும். அவளுக்கு இவர்தான் ஏழரைச் சனி.

"முத்து போல பல்லு, மான் போல நடை, இதெல்லாம் புளிச்ச மாவு கன்னியம்மா. செத்தவங்களை ஒரு தடவை நல்லாப் பார்த்துட்டுச் சொல்லும்மா" என்பார்.

"நீ இன்னா சார், பொணத்தாண்ட வந்து பரீட்சை வெக்கிற? போவியா அந்தாண்ட!" என்பாள் அவள். ஆனாலும் ஆள் கொஞ்சம் மாறித்தான் போனாள். முத்தாபுதுப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு லாரி டிரைவர் இறந்தபோது,

"பட்டாளத்து லாரி போல பாஞ்சு வந்த ராசாவே,
பஞ்சரான டயரு போல படுத்துட்டியே ராசாவே"

என்று எடுத்தாள். இவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பிரமாதம்!" என்று கைதட்டினார். சாவு வீட்டில் கைதட்டல். அதோடு நிறுத்தியிருந்தாலும் தப்பித்திருப்பார். "அழுகை ஆச்சு, பெருமை ஆச்சு. மூணாவது பாகம் எங்கேம்மா?" என்று கேட்டுவிட்டார்.

செத்தவருடைய மச்சான் எழுந்தான். "யார்றா இவன்? பொணத்தை வெச்சிகினு சினிமாவா காட்றோம்?" பிறகு விழுந்த அடியை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. நானும் கன்னியம்மாவும்தான் நடுவில் புகுந்து இழுத்து வந்தோம். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது போய்விட்டது. அதற்குப் பதில் நூல் கட்டிக்கொண்டார். கடைசிவரை நூல்தான்.

அன்று அவரை வீட்டில் கொண்டு வந்து விட்டபோது, அவர் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவுக்கு இருதயத்தில் கோளாறு. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று லைனில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஜன்னலைக் கடந்து போகிற யாரும் அவருடைய சிரிப்பை வாங்காமல் போனதில்லை.

"இன்னிக்கு எந்த ஊரு? மூணாவது கிடைச்சுதா?" என்று சிரித்தார். இவர் முகம் கழுவப் பின்பக்கம் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அவர் பாடத்துக்காகத் தேடலை. நான் போயிட்டா என்ன பண்றதுன்னு முன்னாடியே படிச்சு வெச்சுக்கப் பாக்கறார். எதுவா இருந்தாலும் படிச்சாத்தான் அவருக்கு வரும். என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பக்கூட தயார் பண்ணிக்கிட்டுத்தான் வந்து பேசினார்."

சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு பறைச் சத்தம் கேட்டால், லோடு இல்லாத நாட்களில், நானும் அவர் கூடவே போக ஆரம்பித்தேன். அடி விழுந்தால் தடுக்க ஒரு ஆள் வேண்டுமே. அந்த மூணாவது மட்டும் எங்கும் கிடைக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அந்த அம்மா போய்ச் சேர்ந்தார். காலையில் இவர் காப்பி கொடுக்க எழுப்பினாராம், எழுந்திருக்கவில்லை.

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. கன்னியம்மா கீரைக்கூடையைத் தெருமுனையிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள். குழாயடிப் பெண்கள் இருவரும் வந்தார்கள். டுட்டோரியல் பையன்கள் ஓரமாக நின்றார்கள். இவர் ஒரு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அழவில்லை.

கன்னியம்மா அவரையே பார்த்தபடி எடுத்தாள்.

"முத்து போல பல்லழகி, மான் போல நடையழகி, மல்லி போல சிரிப்பழகி..."

வேண்டுமென்றேதான். புளிச்ச மாவையெல்லாம் ஒரே வாயில் கொட்டினாள். மனுஷன் எழுந்து வந்து திட்டட்டும் என்று பார்த்தாள். ஒவ்வொரு அடி முடிந்ததும் எல்லாப் பெண்களும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் அசையவில்லை. கன்னியம்மாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. ஜன்னலைப் பார்த்தாள்.

"சன்னலாண்ட குந்திகினு சிரிச்ச மவராசி,
சன்னலு இங்க கீது, சிரிப்பெங்கே மவராசி"

அங்கிருந்த ஒருவரும் அழாமல் இல்லை, அவரைத் தவிர.

எல்லாம் முடிந்து, குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். கிளம்பிக்கொண்டிருந்த கன்னியம்மாவைக் கூப்பிட்டார்.

"கன்னியம்மா, அவ்வளவுதானா?"

"அவ்ளோதான் சார்."

"மூணாவது?"

யாரும் சிரிக்கவில்லை. கன்னியம்மா விறுவிறுவென்று போய்விட்டாள். இந்த நேரத்திலுமா என்று கோபித்துக்கொண்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்த வீட்டில் அன்று யாரும் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

வெகுநேரம் கழித்து, முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு மழையில் வந்தாள். இடுப்பில் ஒரு சட்டி, மேலே வாழை இலை மூடியிருந்தது. இலையைத் தரையில் போட்டாள். சுடச்சுட ரசம் ஊற்றிப் பிசைந்த சோறு. ஓரத்தில் பருப்புத் துவையல்.

"துன்னு சார்."

"வேண்டாம்மா."

"ஊரு ஊரா மூணாவது எங்க, மூணாவது எங்கன்னு கேட்டு ஒதை வாங்கினியே. எந்த ஊட்லயாவது சோறு வர்ற வரிக்கும் நின்னுகினு இருந்தியா நீ? பாட்டு முடிஞ்சா கெளம்பிடுவ. குந்து. துன்னு."

நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார். அப்புறம் நிமிர்ந்தார்.

"உப்பு கம்மி."

"அழுதுகினே ஆக்குனேன், கண்ணு எங்க தெரிஞ்சுது? அதுலயும் தப்பு கண்டுபிடிக்கிறான் பாரு வாத்தியாரு!"

அப்போதுதான் மனுஷன் அழுதார். அழுதுகொண்டே இலையைக் காலி செய்தார்.

அதற்குப் பிறகு அவர் சாவு வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்று எழுத ஆசைதான். நிறுத்தவில்லை. வாய் திறப்பதை மட்டும் நிறுத்தினார். டுட்டோரியலில் பாடத்தையும் மாற்றிவிட்டார். எலிஜியின் மூன்றாம் பாகம் பக்கத்து வீட்டிலிருந்து வரும் என்று அவர் சொன்னதை, ஒரு பையன் அப்படியே பரீட்சையில் எழுதி மறுபடியும் ஃபெயிலானான்.

நான் அந்த லைன் வீட்டை விட்டு லாரியோடு போனவன், பல ஊர் சுற்றிவிட்டுத் திரும்பியபோது அவர் உயிரோடு இல்லை. கன்னியம்மாதான் பாடினாளாம். என்ன பாடினாள் என்று கேட்டேன். "அவுரு இல்லாம அது நல்லா இருந்துதா இல்லியான்னு யாரு சொல்றது?" என்றாள்.

இப்போதும் எந்த ஊரில் சாவுக்குப் போனாலும் நான் பாட்டு முடிந்ததும் கிளம்புவதில்லை. வாசலில் ஓர் ஓரமாக நிற்கிறேன். யாராவது ஒரு பெண் சட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைந்ததும், "வந்துடுச்சு சார்" என்று மனசுக்குள் சொல்லிவிட்டுத்தான் நடக்கிறேன்.