நாற்பது லட்சத்து மட்டிக்குலை

வரவுக்கு உட்பட்டுத்தான் செலவு செய்ய வேண்டும் என்று ஒருவர் சொன்னால், அதை மறுத்துப் பேச வழியில்லை. எங்கள் வீட்டில் என் மனைவி அபிதா இதைத் தினமும் சொல்கிறாள். நானும் தினமும் ஒப்புக்கொள்கிறேன். ஆகவே, எங்கள் வட்டாரக் கால்பந்துச் சங்கம் அதையே சுற்றறிக்கையாக அனுப்பியபோது முதல் பிரிவின் எட்டுக் கழகங்களும் கைதட்டி வரவேற்றன. “கழகங்கள் யாவும் தத்தம் வரவுக்கு மேற்படாமல் செலவு செய்தல் வேண்டும். உரிமையாளர் தமது சொந்தப் பணத்தைக் கழகத்துக்குள் கொண்டுவருதல் கூடாது. மீறும் கழகத்துக்கு ஒன்பது புள்ளிகள் குறைக்கப்படும்” என்று அதில் கண்டிருந்தது. கீழே வட்ட முத்திரை கொஞ்சம் கோணலாக விழுந்திருந்தது. அதைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் பெயர் பிரபின். தேங்காய்ப்பட்டணத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தீபம் கால்பந்துக் கழகத்தில் உறுப்பினர் எண் நாற்பத்தேழு. எங்கள் கழகத்துக்கு உரிமையாளர் என்று யாரும் கிடையாது. செயலாளர் ஜெயபாய் டீச்சர்தான் எல்லாம். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், என்னை வெயிலில் மைதானம் சுற்ற விட்டவர்களில் முதலிடம் அவருக்கு. ஆடுகிறவர்கள் எல்லோரும் கடலுக்குப் போகிற வீட்டுப் பையன்கள். முதல் பிரிவில் மூன்று சீசன் ஆடினால் சங்கம் ஒரு சான்றிதழ் கொடுக்கும். அந்தக் காகிதம் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போடலாம். கோல்கீப்பர் டெனிஷுக்கும் மற்றப் பத்துப் பேருக்கும் இரண்டாவது சீசன் முடியப் போகிறது. இன்னும் ஒன்று பாக்கி. டீச்சருக்கு உறக்கத்திலும் அந்த ஒன்றுதான் நினைப்பு.

இந்த நேரத்தில்தான் திருவட்டாறு பக்கத்து ராயல் எஃப்.சி.யை ராஜகுமார் வாங்கினார். வளைகுடாவில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டிக் கொடுக்கும் கம்பெனி அவருடையது. ஊரில் எல்லோருக்கும் அவர் எம்.டி. வாங்கிய ஒரே மாதத்தில் நைஜீரியாவிலிருந்து இரண்டு பேர், கேரளத்திலிருந்து ஐந்து பேர், கோவாவிலிருந்து ஒரு பயிற்சியாளர் என்று இறக்கினார். அந்தப் பயிற்சியாளர் பந்தைப் பார்க்கவே மாட்டார். மடியில் லேப்டாப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். எங்களை ஆறு கோல் போட்டு அடித்தார்கள். ஆறாவது கோலை அவர்களுடைய கோல்கீப்பரே நடந்து வந்து போட்டுவிட்டுப் போனார். பொழுது போகவில்லை போலிருக்கிறது.

டிக்கெட்டும் டீக்கடை ஏலமும் சேர்த்து ராயலின் வரவு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். செலவு நாற்பத்திரண்டு லட்சத்துப் பத்தாயிரம். நடுவில் இருக்கிற நாற்பது லட்சம் எங்கிருந்து குதித்தது என்று கேட்டு ஜெயபாய் டீச்சர் சங்கத்துக்குப் புகார் எழுதினார். எழுதச் சொல்லி நெருக்கியவர்கள் நாங்கள். டைப் அடித்தவன் நான். “பணபலத்தால் ஏழைப் பிள்ளைகளின் எதிர்காலம் நசுக்கப்படுகிறது” என்ற வரி என் சொந்தச் சரக்கு. அதற்கு நான் காசு வாங்கவில்லை.

புகாரை விசாரித்தவர் சங்கத்தின் நிதி ஒழுங்கு அலுவலர் ஜான்ரோஸ். கூட்டுறவுத் துறையில் தணிக்கையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரிடமும் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை. விசாரணைக்கு வரும்போது சொந்தக் குடிதண்ணீர் கொண்டுவருவார். அவர் நேர்மையானவர் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம் அதுதான்.

சங்க அலுவலகம் ஒரு ரப்பர் ஷீட் கடையின் மாடியில் இருக்கிறது. ஒரு திங்கள்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு பக்கம் எம்.டி., மறு பக்கம் டீச்சரும் நானும். ரப்பர் நாற்றத்துக்கு எம்.டி. மட்டும் மூக்கில் கைக்குட்டை வைத்திருந்தார்.

“நாப்பது லட்சம் வரவு எப்படி வந்தது?” என்று ஜான்ரோஸ் கேட்டார்.

“ஏலத்துல வந்தது சாரே. கிரவுண்டுக்குப் பின்னால கழகத்துக்க வாழை நிக்கி. அதுல ஒரு மட்டிக்குலை வெட்டி ஏலம் விட்டோம். நாப்பது லட்சத்துக்குப் போச்சு.”

மட்டி எங்கள் மாவட்டத்து வாழை. பழம் விரல் அளவுதான் இருக்கும். கைக்குழந்தைக்கு முதலில் ஊட்டுகிற பழம். சந்தையில் நல்ல குலை அறுநூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

ஜான்ரோஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஏலம் எடுத்தது யாரு?”

“எனக்க வீட்டுக்காரி. ஸ்மிதா.”

டீச்சர் எழுந்துவிட்டார். “கேட்டேளா சாரே! இவருக்க பணம், இவருக்க வீட்டுக்குள்ளயே சுத்தி வருது. இதுக்கு ஒரு குலை வேற!”

“டீச்சர் இருங்க. விதிப்படி பாப்போம்.” ஜான்ரோஸ் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “விதி பதினாலு, இ. கழகத்தைச் சேர்ந்தவருடைய தொடர்புடையோரிடமிருந்து பணமோ பொருளோ பெறுதல் குற்றம். தொடர்புடையோர் என்பது ரத்த உறவினரைக் குறிக்கும்.” நிமிர்ந்து எம்.டி.யைப் பார்த்தார். “ஸ்மிதா உங்களுக்கு ரத்த உறவா?”

“இல்லை சாரே. அவ குலசேகரத்துக்காரி. கல்யாணத்துக்கு முன்னாலயே நல்லா விசாரிச்சாச்சு. ஒரு சொந்தமும் கிடையாது.”

“அப்ப அந்நியர்” என்று ஜான்ரோஸ் பச்சை மையில் எழுதிக்கொண்டார். “ஆனா, எம்.டி. சார், விலை நியாய விலையா இருக்கணும். மட்டிக்குலைக்கு நாப்பது லட்சம் நியாயமா?”

எம்.டி. அவசரப்படவில்லை. கோப்பிலிருந்து ஒரு ரசீதின் நகலை எடுத்து மேசைமேல் வைத்தார். அதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர் வழக்கம் ஒன்று தெரிய வேண்டும். இங்கே கிறிஸ்தவ சபைகளில் அறுப்பின் பண்டிகை வரும்போது, அவரவர் தோட்டத்து விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம் நடக்கும். நாற்பது ரூபாய்ச் சக்கை, அதாவது பலாப்பழம், நாலாயிரத்துக்குப் போகும்; ஒரு சேவல் ஏழாயிரத்தில் நிற்கும். விலை கூடுதல் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். காணிக்கைக்கு யார் விலை பார்ப்பார்கள்? அதில் ஒரு தப்பும் கிடையாது. தப்பு, அந்த வழியாகக் காரில் போன எம்.டி. இறங்கி நின்று அதை வேடிக்கை பார்த்ததில் இருக்கிறது.

“இது சாரு போன வருஷம் பண்டிகை ஏலத்துல எடுத்த பூசணிக்காய்க்கான ரசீது” என்றார் எம்.டி. “பதினெட்டாயிரம் ரூபா.”

ஜான்ரோஸின் முகம் சிவந்தது. “அது கர்த்தருக்குக் கொடுத்தது.”

“நான் இல்லைன்னு சொல்லல்லியே. பூசணிக்காய்க்கு அந்த விலை நியாயமா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

ஜான்ரோஸ் ரசீதைத் திருப்பிப் பார்த்தார். நியாயமில்லை என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போதகர் முகத்தில் எப்படி விழிப்பது? “நியாயம்தான்” என்றார் மெதுவாக.

“சாருக்குப் பென்ஷன் முப்பத்தாறாயிரம். அரை மாச வருமானத்துக்கு ஒரு பூசணிக்காய். எனக்க வீட்டுக்காரி கம்பெனி டைரக்டராக்கும். அவளுக்க அரை மாச வருமானம் நாப்பது லட்சம். அதே கணக்குதான். நியாயம்னா ரெண்டும் நியாயம்.”

கணக்கு என்று வந்துவிட்டால் ஜான்ரோஸ் யாருக்கும் பயப்பட மாட்டார். கால்குலேட்டரில் இரண்டு முறை போட்டுப் பார்த்தார். இரண்டு முறையும் சரியாக வந்தது.

“அப்ப நாங்க கொடுத்த புகாரு?” என்று நான் கேட்டேன்.

“அதுதான் சங்கடம். கோப்பு திறந்தாச்சு. குற்றவாளி இல்லாம கோப்ப மூட விதி கிடையாது. தீபம் கழகத்துக்க கணக்கு கொண்டு வந்தியளா?”

டீச்சர் பெருமையோடு கொடுத்தார். வரவு ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நானூறு. செலவு ஒரு லட்சத்துப் பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. கையிருப்பு நானூற்றைம்பது. பந்துக்குக் காற்றடித்த பத்து ரூபாய்க்கும் சீட்டு இருந்தது. ஜான்ரோஸ் ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினார். “ஆட்ட நாட்களில் டெனிஷின் அம்மா பையன்களுக்கு மரச்சீனிக் கிழங்கும் சாளைக்கறியும் தந்தது. விலை இல்லை.”

“டெனிஷுக்கு அவங்க யாரு?”

“அம்மா” என்றார் டீச்சர்.

“ரத்த உறவு.”

“சாரே, பெத்த தாய் எப்படி ரத்த உறவு இல்லாம இருப்பா?”

“அதத்தான் நானும் சொல்லுகேன்.” ஜான்ரோஸுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது; தன் தண்ணீர் பாட்டிலை டீச்சர் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு ஏ.சி. ஓட்டல் விலைப்பட்டியலை எடுத்து மரச்சீனியும் மீன்கறியும் ஒரு பிளேட் இருநூற்று நாற்பது என்று மதிப்பிட்டார். பதினாறு பேர், பதினான்கு ஆட்டம். ஐம்பத்து மூவாயிரத்து எழுநூற்று அறுபது ரூபாய்.

தீர்ப்பு மூன்றாம் நாள் வந்தது. நாட்டு வாழை ரகங்களுக்கு ஊக்கமளித்தமைக்காக ராயல் எஃப்.சி.க்குப் பாராட்டு. தொடர்புடையோரிடமிருந்து மறைமுகமாகச் சாளைக்கறி பெற்று வரவை மீறியமைக்காகத் தீபம் கழகத்துக்கு ஒன்பது புள்ளிகள் குறைப்பு. மூன்றாம் இடத்திலிருந்த நாங்கள் எட்டாம் இடத்துக்கு வந்தோம். எட்டாம் இடம் என்றால் இரண்டாம் பிரிவு. இரண்டாம் பிரிவு ஆட்டமெல்லாம் ஆரல்வாய்மொழியில். அங்கே அடிக்கிற காற்றில் கோல்கீப்பர் உதைத்த பந்து அவர் தலைக்கு மேலேயே திரும்பிப் போகும். அது போகட்டும். அங்கே எத்தனை சீசன் ஆடினாலும் சான்றிதழ் கிடையாது. டெனிஷின் அம்மா மட்டும் கடைக்கு வந்து, “மக்கா, கறியில எரிவு கூடிப்போச்சா?” என்று என்னிடம் கேட்டாள். நான் மெஷினைத் திறந்து தூசி துடைத்தேன்.

மாவட்டம் முழுக்க ஏலம் பரவியது. ஒரு கழகம் ஒரு முருங்கைக்காயை மச்சானுக்குப் பன்னிரண்டு லட்சத்துக்கு விற்றது. மச்சானும் ரத்த உறவல்ல. இன்னொரு கழகம் விற்க ஒன்றும் இல்லாமல் இடைவேளையையே மாமனாருக்கு விற்றது. அவர் வந்து பதினைந்து நிமிஷம் நாற்காலி போட்டு உட்கார்ந்து அனுபவித்துவிட்டுப் போனார். எல்லாவற்றுக்கும் ஜான்ரோஸ் கால்குலேட்டர் போட்டுப் பார்த்துப் பச்சை மையில் ஒப்பம் வைத்தார்.

பிறகு சங்கம் கருணை காட்டியது. குறைக்கப்பட்ட புள்ளிகளை, புள்ளி ஒன்றுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் வளர்ச்சி நிதி செலுத்தித் திரும்பப் பெறலாம் என்று இன்னொரு சுற்றறிக்கை. எங்களுக்கு நாலரை லட்சம் வேண்டும். இருந்தது நானூற்றைம்பது.

அப்போதுதான் வினோஜ் அண்ணன் வந்தார். எங்கள் ஊர்க்காரர். மஸ்கட்டில் மூன்று சூப்பர் மார்க்கெட். ஐஸ் பிளான்ட் முற்றத்தில் பொதுக்குழு கூடியது. அவர் சுருக்கமாகப் பேசினார். “நாலரை லட்சம் நான் கெட்டுகேன். மேக்கொண்டு எண்பது லட்சம் இறக்குகேன். நம்ம கழகத்துக்க தேங்கா ஒண்ண எனக்க வீட்டுக்காரி ஆதிரா வாங்கினதா ஒரு ரசீது மட்டும் போட்டா போதும்.”

கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. டீச்சர் மட்டும் எழுந்து நின்றார். “ரசீதுல நான் ஒப்பு வைக்க மாட்டேன். இதத்தானே ராஜகுமார் செஞ்சாரு? இதுக்குத்தானே நாம புகார் குடுத்தோம்?”

“டீச்சர், அது வேற இது வேற” என்றேன் நான்.

“என்ன வேற? சொல்லு மக்கா.”

“அவரு அவருக்க டீமுக்குச் செஞ்சாரு. இவரு நமக்குல்லா செய்யாரு.”

அந்த நேரத்தில் அது மிகத் தெளிவான வாதமாக இருந்தது. வாக்கெடுப்பில் டெனிஷும் வினோஜ் அண்ணன் பக்கம்தான் கை தூக்கினான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவனுக்கு அந்த ஒரு சீசன் வேண்டும். அறுபத்தொருவர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. டீச்சரே எண்ணி, டீச்சரே நோட்டில் எழுதி, அடியில் தன் ராஜினாமாவையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். என்னை ஒரு பார்வை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. புதிய செயலாளராக என்னைப் போட்டார்கள். தேங்காய் ரசீதில் என் கையெழுத்து நன்றாகவே விழுந்தது.

எண்பது லட்சத்துக்குப் பதினான்கு பேர் வந்து இறங்கினார்கள். எங்கள் பதினோரு பையன்களும் ரிசர்வ் ஆனார்கள். ரிசர்வில் உட்காருவது ஆடுவதாகக் கருதப்படாது. ஆகவே சான்றிதழும் கிடையாது. அதை டெனிஷிடம் சொல்வது செயலாளரின் கடமை என்றார்கள்.

“அண்ணே, அப்ப எனக்கு?” என்று கேட்டான்.

“வினோஜ் அண்ணன் மஸ்கட்டுல கடையில வேலை தாறேன்னு சொல்லுகாரு மக்கா.”

“கோல்கீப்பராவா?”

“பில் கவுண்டர்ல.”

அவன் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, போய்விட்டான். நான் அதை எடுத்து இழுப்பறையில் வைத்தேன். மேட்ச் டிக்கெட் அச்சுக்குப் போக வேண்டியிருந்ததால் அதற்கு மேல் உட்கார்ந்து வருத்தப்பட நேரமில்லை.

புது சீசனின் முதல் ஆட்டமே ராயலோடு. ஊரே திரண்டிருந்தது. இடைவேளைக்குள் மூன்று கோல் போட்டோம். நாலாவது கோல் விழுந்தபோது நான் செருப்பைக் கழற்றி வீசி, தொண்டை கிழியக் கத்தினேன். போட்டவன் பெயர் என்ன என்று பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம்.