பேட்டரியைக் குடித்தது யார்?

இன்றைக்குள் அந்தக் குடிகாரனைப் பிடிக்காமல் மதியச் சாப்பாட்டில் கை வைப்பதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை காலை சபதம் செய்தேன். டிபன் முடித்த பிறகுதான் செய்தேன். சபதம் செய்யவும் தெம்பு வேண்டாமா?

குடிகாரன் இருந்தது என் காருக்குள். மூன்று வாரமாக இதே கூத்து. சாயங்காலம் சமர்த்தாக வந்து நிற்கும் வண்டி. காலையில் பொத்தானை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சும்மா நிற்கிற வண்டியில் எதுவோ ஒன்று பேட்டரியைச் சொட்டுவிடாமல் உறிஞ்சிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர்தான் தினமும் தன் வண்டியிலிருந்து வயர் போட்டுக் கிளப்பிவிடுவார்.

"என்ன சார், இன்னிக்கும் குளுக்கோஸ் ஏத்தணுமா?"

தெருவே கேட்கிற மாதிரி கேட்பார். மானம் போகும்.

"பேசாம மெக்கானிக்கைக் கூப்பிடுங்களேன்" என்றாள் மனைவி.

"என் வண்டியில இன்னொருத்தன் கை வைக்கிறதா? நடக்காது!"

"அப்ப ஒரு பந்தயம். இன்னிக்குள்ள நீங்க கண்டுபிடிச்சிட்டா, இனிமே நான் வண்டியைக் கேக்கவே மாட்டேன். கண்டுபிடிக்கலைன்னா, நாளையிலேருந்து சாவி என்கிட்ட."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. வேலை பார்க்கும் லைப்ரரிக்கு இரண்டு பஸ் மாறித்தான் போகிறாள். ஆனாலும் சாவியைக் கொடுக்க எனக்கு மனசே வந்ததில்லை. வீட்டில் இருக்கும்போதுகூட அது என் சட்டைப் பையில்தான் இருக்கும். குளிக்கப் போனால் சோப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். அதைப் பறிகொடுப்பதா? ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினேன்.

பானெட்டைத் திறந்தேன். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, நடுவில் கரண்ட் அளக்கும் மீட்டரைக் கோத்தேன். தூங்குகிற வண்டி ஐம்பது மில்லி ஆம்பியருக்கு மேல் குடிக்கக் கூடாது. மீட்டர் நானூற்று அறுபது காட்டியது.

"பார்த்தியா! மொடாக்குடி!" என்று கத்தினேன்.

சமையலறை ஜன்னலில் அவள் தலை தெரிந்தது. "என்னங்க அங்க சத்தம்?"

"ஒண்ணுமில்லை. அரை மணி நேரம் காத்திருக்கணும். வண்டி நல்லா அசந்து தூங்கணும்."

"நீங்க இப்படிப் பக்கத்துல நின்னு கத்தினா அது எங்கேருந்து தூங்கும்? கல்யாணமான நாள்லேருந்து நானே தூங்கலை."

விஞ்ஞானி வாயைக் கொடுக்கக் கூடாது. அரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போதும் நானூற்று அறுபது.

அடுத்து ஃப்யூஸ் பெட்டி. ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது மீட்டர் இறங்குகிறதோ, அந்த வழியில்தான் குடிகாரன் உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம். முதல் ஃப்யூஸ், அசையவில்லை. இரண்டாவது, மூன்றாவது, ம்ஹூம். முதுகு பிடித்துக்கொண்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. விட்டேனா? "ஏழும் இல்லை, அடுத்தது எட்டு!" என்று கத்திவிட்டு எட்டாவதில் கை வைத்தேன்.

"நிறுத்துங்க!"

ஈரக்கையோடு மூச்சிரைக்க ஓடிவந்து நின்றாள்.

"என்னடி, வீட்டுல தீப்பிடிச்சிடுச்சா?"

"சாவி எங்கே?"

"பையில. ஏன்?"

"அட ராமா! லைப்ரரியில ஒரு வண்டிப் புத்தகத்துல படிச்சேங்க. இந்த மாதிரி வண்டிக்குச் சாவி பக்கத்துல இருந்தா, முதலாளி இதோ வர்றார் இதோ வர்றார்னு முழிச்சிக்கிட்டே கிடக்குமாம். நீங்கதான் சாவியோட ராத்திரி பகலா அதையே சுத்திச்சுத்தி வர்றீங்களே!"

எனக்குப் பொறி தட்டியது. சே, இது தோன்றாமல் போயிற்றே!

"கொண்டா... இல்லை, இந்தா. எடுத்துட்டுக் கொல்லைப் பக்கம் போ. நான் மீட்டரைப் பாக்கிறேன்."

சாவியை வாங்கிக்கொண்டு வண்டியின் பின்பக்கமாகப் போனாள். நான் கண் கொட்டவில்லை. நானூற்று அறுபது. நானூற்று அறுபது. முப்பத்தொன்று!

"பிடிச்சிட்டேன்!" என்று நான் குதித்த குதியில் பானெட் மண்டையில் இடித்தது. வலியே தெரியவில்லை. "சாவிதான்! நான் ஜெயிச்சிட்டேன்!"

"நீங்கதாங்க ஜெயிச்சீங்க" என்று திரும்பி வந்தவள் மனசாரச் சொன்னாள். "இனிமே வண்டியை நான் கேக்கவே மாட்டேன்."

"அப்படி வா வழிக்கு. சாவியைக் கொடு."

"கொடுத்தா மறுபடி பேட்டரி செத்துப்போகுமே? உங்களால அதைப் பையில வைக்காம இருக்க முடியுமா?"

முடியாது. எனக்கே தெரியும்.

"அதனால பத்திரமா என்கிட்டயே இருக்கட்டும். எல்லாம் உங்க வண்டி நல்லா இருக்கணும்னுதான்."

ஜெயித்தவன் நான். ஆனால் திங்கட்கிழமையிலிருந்து அவள் காரில் லைப்ரரிக்குப் போகிறாள், நான் இரண்டு பஸ் மாறி ஆபீஸ் போகிறேன். வண்டியும் தினமும் ஒரே அழுத்தில் கிளம்புகிறது. விஞ்ஞானத்துக்காக இந்தத் தியாகம்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்று பஸ் கம்பியில் தொங்கியபடி என்னையே தேற்றிக்கொண்டேன்.

பத்தாம் நாள் சாயங்காலம் வாசல் ஜன்னலைப் பார்த்துப் பதறிப்போனேன். வண்டியின் மூக்குக்கு ஒரு முழத் தூரத்தில், ஜன்னல் கொக்கியில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயையோ, என்ன காரியம் பண்ணினே! பேட்டரி என்ன ஆகிறது?"

"பத்து நாளா அங்கேதாங்க தொங்குது."

"அப்ப... அப்ப குடிச்சது யாரு?"

"டிக்கி லைட்டு. வண்டிக்கு வலிச்சிடும்னு நீங்க டிக்கியைப் பூப்போலச் சாத்துவீங்க. பூட்டு விழாம, உள்ளே லைட்டு எரிஞ்சுக்கிட்டே கிடந்துச்சு. பந்தயத்துக்கு முந்தின ராத்திரியே இடுக்குல வெளிச்சத்தைப் பார்த்துட்டேன். அன்னிக்குக் கொல்லைப் பக்கம் போற வழியில ரெண்டு கையையும் வச்சு ஒரு அழுத்து அழுத்தினேன். அவ்வளவுதான்."

"அடிப்பாவி! அதை அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லாமலே கண்டுபிடிச்சிடுவீங்களோன்னுதான் பயந்தேன். எட்டாவது ஃப்யூஸ் டிக்கி லைட்டுன்னு பெட்டி மூடியிலயே போட்டிருக்கே, அதான் பாத்திரத்தை அப்படியே போட்டுட்டு ஓடி வந்தேன்."