உயிரோடு பூங்காவுக்கு வராதே மச்சான்

தூய ஆவியார் நிழலில் வான்கூவரில் வாழும் மச்சான் செராஃபிமுக்கு, டொரோண்டோவிலிருந்து பெல்மீரோ சொல்லி எழுதுவது. எழுதும் கை, பேக்கரிக்காரி க்ளோரிண்டாவுடையது. எனக்குப் பேனா பிடிக்க வராது, ஞாபகம் மட்டும்தான் வரும். நானும் தோமேயும் அபிலியோவும் சௌக்கியம். நீயும் என் தங்கை லூர்தெசும் அப்படியே இருக்க வேண்டும்.

திருவிழாவுக்கு வருவதாகப் போனில் சொன்னாய். சந்தோஷம், வா. பூங்கா பக்கம் மட்டும் வராதே. அங்கே நீ செத்துப்போனவன்.

மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. கூடைப்பந்துக் கோப்பை நம்ம ஊருக்கு வந்து, ஜனமெல்லாம் டிராம் மேல் ஏறி ஆடினதே, அந்த வருஷம். அந்தக் கோடையில்தான் நீ மகள் வீட்டோடு போனாய். நீ போன கையோடு பூங்கா ஆபீசிலிருந்து வந்து, வாத்துக் குளத்துப் பெஞ்சையெல்லாம் எடுத்துட்டு டியூலிப் பாத்தி போடப் போறோம், இறந்தவங்க பேர்ல தகடு அடிச்ச பெஞ்சு மட்டும்தான் இருக்கும்னு சொன்னாங்க. நாம நாலு பேரும் சீட்டாடின பெஞ்சு! யாரைச் சாகடிக்கிறதுன்னு யோசிச்சோம். அபிலியோதான் சொன்னான், "வான்கூவர் போனவனும் பரலோகம் போனவனும் ஒண்ணுதான்டா, ரெண்டு பேரும் சீட்டாட வரப்போறதில்லே." உனக்குப் போன் போட்டோம். நீயும் சிரிச்சுக்கிட்டே, "கொல்லுங்கடா, ஆனா நல்ல பெரிய எழுத்தா போடுங்க"ன்னே. ஆபீசிலே தோமே அழுத அழுகை இருக்கே, அவங்கப்பன் செத்தப்போகூட அப்படி அழலே. பூங்காவை மேற்பார்வை பார்க்குற அம்மா அவனுக்குத் தண்ணி குடுத்து, தகட்டிலே "வாத்துகளை நேசித்தவர்"னு அவளே சேர்த்துட்டா. ரொட்டியைப் பிடுங்கினதுக்காக வாத்து மேலே செருப்பு வீசினவன் நீ!

அதோட விட்டுச்சா? தகட்டைப் படிச்சவங்க சாமியார்கிட்டே சொல்ல, அவரு உனக்குப் பூசை வச்சுட்டாரு. நாங்க மூணு பேரும் முன் வரிசையிலே, சிரிப்பை அடக்க முடியாம குலுங்கினோம். பாவம், எப்படி அழுறாங்க பாருன்னாங்க பின்னாலே இருந்தவங்க. அப்புறம் ஒந்தீனா. கோயில் நடனத்துக்கு நீ கூப்பிட்டப்போ கால் வலின்னவ, இப்போ ஞாயித்துக்கிழமை தவறாம அந்தக் காலோடவே குளம் சுத்தி வந்து கார்னேஷன் பூ வைக்கிறா. "எனக்காகவே கடைசி வரைக்கும் ஏங்கினாரு"ன்னு மூக்கைச் சிந்துறா. இதை லூர்தெஸ் காதிலே போடாதே. லூர்தெசுக்கே இங்கே கெட்ட பேருதான். கறுப்புக் கட்டலையாம், யாரோ துக்கம் விசாரிக்கப் போன் பண்ணினதுக்கு, "அவரு குறட்டை விடுறாரு, மெதுவாப் பேசுங்க"ன்னாளாம். துக்கத்திலே புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு அவளுக்கும் ஒரு ஜெபம் நடந்தது.

அதனாலே மச்சான், உன்னை உயிரோட பார்த்தா அந்த மேற்பார்வை அம்மா தகட்டைப் பிடுங்கி, பெஞ்சை வண்டியிலே ஏத்திட்டுத்தான் மறுவேலை பார்ப்பா. எங்களுக்கு வேற நிழல் கிடையாது. டியூலிப் பார்த்தே ஆகணும்னா டிராமிலே இருந்தே பாரு.

லூர்தெசுக்கு என் முத்தம், பேரப்பிள்ளைகள் தலையில் என் கை.

பெல்மீரோ

பி.கு.: க்ளோரிண்டா, மூடாதே, இன்னும் இருக்கு. மச்சான், சௌக்கியம்னு மேலே எழுதச் சொன்னது பொய். தோமே பனி உருகுறதுக்குள்ளே போயிட்டான். அபிலியோ ஈஸ்டருக்கு முந்தின வாரம். போனிலே சொல்ல வாய் வரலே, நீ சிரிச்சுக்கிட்டே பேசினே. இப்பவும் சீட்டுக்கட்டை எடுத்துக்கிட்டுத்தான் போறேன். குலுக்குறேன், பிரிக்கிறேன், திரும்ப அடுக்கி வைக்கிறேன். பெஞ்சைக் காப்பாத்தி யாருக்கு வைக்க? நீ பூங்காவுக்கே வா. பட்டப்பகல்லே வா. தகட்டு மேலேயே முதுகைச் சாய்ச்சு உக்காரு. பெஞ்சைத் தூக்கினா தூக்கட்டும், புல்லிலே உக்காந்து ஆடுவோம். ஒந்தீனா மயங்கி விழுந்தா நான் தண்ணி தெளிக்கிறேன்.

நேத்து அந்த மேற்பார்வை அம்மா பக்கத்திலே வந்து உக்காந்தா. "பெரியவரே, இந்தப் பெஞ்சுக்காரங்கள்லே நீங்க மட்டும்தான் மிச்சமா?"ன்னா. இல்லேம்மா, இன்னும் ஒருத்தன் இருக்கான்னேன். "யாரு?"ன்னா. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா தகட்டிலே எந்த எழுத்து உன் பேருன்னு விரலுக்குத் தெரியும். வச்சுக் காட்டினேன்: செராஃபிம்.